எட்டாம் கேள்வி

மூன்று வருஷமாக அதே படிவம்.
எட்டாம் கேள்வி:
விருப்பப்பட்டால் வேலையை விட்டுப் போக
உங்கள் தொழிலாளர்களால் முடியுமா?
ஆம் கட்டத்தில் டிக் அடித்து, சீல் வைத்து
பையருக்கு அனுப்பிவிட்டு
டீ குடிப்பேன்.

பதினைந்து வேலம்பாளையத்தில் இருபத்தாறு மெஷின்,
தகர ஷெட், பேங்க் கடன், நான்.
அடிமை என்றால்
சரித்திரப் புத்தகத்தில் சங்கிலியோடு
நிற்பவர்கள் என்றிருந்தேன்.

சித்திரையில் துணியில் பொத்தல் விழுந்தது.
நிட்டிங்காரர் ஊசியைக் கழற்றிப் பார்த்தார்.
ஊசியில் ஒன்றுமில்லை.
'நூலுங்க. கோன்ல முடிச்சு சரியில்லீங்க.'
பொத்தலை மடித்து ஸ்கூட்டரில் வைத்து
பல்லடம் தாண்டிப் போனேன்,
சண்டை போடத்தான்.

மேனேஜர் தேவசிகாமணி
லாட் நம்பரைப் பார்த்துச் சிரித்தார்.
'நைட் ஷிப்ட் நூலுங்க இது.
புள்ளைங்க தூங்கி விழுகுதுங்க.
ஏனுங், நீங்கதானுங்களே
மூணு நாள்ல வேணும்னீங்க?
எட்டு மணி நேரம் முடிஞ்சு
அப்படியே இன்னொரு எட்டு.'

விரலை விட்டுப் பார்த்தேன்.
சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு
யாரோ தூங்கியிருந்தாள்.

ஹாஸ்டல் மாடியைச் சுற்றிக் கம்பி வலை.
வலைக்குள் காயும் சுடிதார்கள்.
இலக்கியா, பட்டுக்கோட்டைப் பக்கம், பத்தொன்பது வயசு.
மூன்று வருஷம் முடித்தால் மொத்தப் பணம்.
நடுவில் போனால் கிடையாது.
இன்னும் எவ்வளவு நாள் என்று கேட்டேன்.
'நானூத்திப் பதினாலு' என்றாள்,
விரல் விடாமல், யோசிக்காமல்.
வார்டன் வந்ததும்
'சாப்பாடு நல்லாருக்கும்க்கா' என்றாள்.

வேறு மில்லில் வாங்கலாம்.
கிலோவுக்கு ஒன்பது ரூபாய் அதிகம்.
என் படிவம் சுத்தமாகிவிடும்.
நானூற்றுப் பதினாலு
அங்கேயே இருக்கும்.

அன்று ராத்திரி கணக்கு நோட்டைப் புரட்டினேன்.
மில்லுக்குத் தொண்ணூறு நாள் கழித்துப் பணம் கொடுத்தது யார்?
அர்ஜென்ட் அர்ஜென்ட் என்று
பத்து மணிக்கு வாட்ஸ்அப் அனுப்பியது யார்?
எல்லாப் பக்கத்திலும் என் கையெழுத்து.

மறுநாள் பீஸ் ரேட் கணக்குக்காக
காண்ட்ராக்டர் சென்னியப்பன் டிராயரைத் திறந்தேன்.
ரப்பர் பேண்டு போட்டு
பதினோரு ஆதார் அட்டை.
'பத்திரமா இருக்கட்டும்னுதானுங்க.
அட்வான்ஸ் நிக்குதில்லீங்களா,
குடுத்தா ஓடிருவானுங்க.'

ஓடிருவானுங்க.
என் ஷெட்டில்.
என் சீலுக்குக் கீழே.

ஒவ்வொன்றாகப் பேர் படித்துக் கொடுத்தேன்.
நாலு பேர்தான் சரியாக வாயில் வந்தது.
ஜகபந்து அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்,
சட்டைப் பையில் வைத்தான்,
மாலை வரை
அந்தப் பையைத் தொட்டுக்கொண்டே தைத்தான்.
அட்வான்ஸைக் கிழித்துப் போட்டேன்.
சென்னியப்பன் ஒரு வாரம் பேசவில்லை.

மில்லுக்குக் கடிதம் எழுதினேன்:
முப்பது நாளில் பணம் தருகிறேன்,
பத்து நாள் அவகாசம் தருகிறேன்,
அந்த ஒன்பது ரூபாயையும் உங்களுக்கே தருகிறேன்;
சம்பளம் மாசாமாசம் அவர்கள் கையில்,
கேட்டில் பூட்டு வேண்டாம்.
'யோசிச்சுச் சொல்றனுங்க.'

பையரிடம் பீசுக்கு நாலு ரூபாய் கூடக் கேட்டேன்.
பதிலுக்கு
இந்த வருஷப் படிவத்தை அனுப்பினார்.

திங்கட்கிழமை ஐந்தாம் மெஷின் காலி.
ஊசியில் நூல் கோத்தபடி,
பாதி தைத்த கைகள் ஒரு குவியல்.
ஜகபந்து சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தான்.
வியாழன் ஷிப்மெண்ட்.
'சொன்னனுங்களா?' என்றார் சென்னியப்பன்.
நானே உட்கார்ந்து தைத்தேன்.
கோணல். பிரித்தேன். மறுபடி கோணல்.
வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை.

ராத்திரி படிவத்தை எடுத்தேன்.
எட்டாம் கேள்வி.
ஆம் என்பதற்கு இப்போது
ஒரே ஒரு சாட்சி,
எந்த ரயிலிலோ போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்த வரி:
உங்களுக்கு நூல் தருபவர்களிடமும்?

பேனாவை மூடி வைத்தேன்.
மில்லுக்குப் போய்
இருபத்தொரு நாளாச்சு.
முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று.